எட்டாவது புட்டி

ஏழாமக்காவின் கடையில் நின்று ஒரு பால்புட்டியைத் தலைகீழாகப் பிடித்து, நிப்பிளிலிருந்து விழும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் சாடெக் ஊர்ச் சந்தைக்கு அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. டிசம்பர் மாதத்து மூடுபனி ஆற்றிலிருந்து ஏறிவந்து தகரக் கூரைகளுக்கு அடியில் புகுந்து, மீன் தட்டுகளையும் பூக்கட்டுகளையும் பாதி மறைத்திருந்தது. குரல்கள் மட்டும் முழுதாகக் கேட்டன. மனிதர்கள் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தார்கள். மூன்று வாரமாகத் துண்டு துண்டாகத் தூங்கிக்கொண்டிருந்த எனக்கு, வீட்டில் விட்டுவந்த கனவு இங்கே வந்து கடை விரித்திருப்பதுபோல இருந்தது.

"எத்தனைப்பா?" என்றாள் ஏழாமக்கா, நாற்காலியில் சாய்ந்தபடியே. எங்கள் பக்கத்தில் பிறந்த வரிசைதான் பெயர். அவளுடைய சொந்தப் பெயர் சந்தையில் ஒருவருக்கும் தெரியாது.

"நிமிஷத்துக்கு நாப்பத்திரெண்டு. தானா இவ்வளவு விழக்கூடாதுக்கா. ரெண்டு மூணு சொட்டு விழுந்துட்டு நின்னுடணும். குழந்தை இழுத்தாத்தான் வரணும்."

"பதினோரு வருஷமா பாட்டில் விக்கிறேன். ஒருத்தரும் சொட்டு எண்ணினதில்ல. நீ என்னப்பா, டாக்டரா?"

"தண்ணி மீட்டர் பாக்குறவன்."

அது உண்மை. நகரக் குடிநீர் நிலையத்தில் மீட்டர்களைச் சோதிப்பது என் வேலை. குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, மீட்டர் காட்டுவதும் தொட்டியில் விழுவதும் ஒன்றுதானா என்று பார்ப்பேன். குழாய்க்குள் காற்று புகுந்தால் மீட்டர் பொய் சொல்லும். அதனால் காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று தேடுவதில் எனக்கு ஒரு தீராத ஆசை உண்டு. எங்கள் மகள் பிறந்தபிறகு அந்த ஆசை முழுவதும் பால்புட்டிகள் பக்கம் திரும்பிவிட்டது.

ஒரு பால்புட்டி எப்படி வேலை செய்கிறது என்று யோசித்துப் பார்த்தால் அழகாக இருக்கும். உள்ளேயிருந்து பால் வெளியே போனால், அந்த இடத்துக்கு ஏதாவது வந்தாக வேண்டும். வராவிட்டால் நிப்பிள் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும், குழந்தை வாயை எடுத்துவிட்டு அழும். அதற்காக நிப்பிளின் அடிவிளிம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை வைத்திருப்பார்கள். குழந்தை இழுக்க இழுக்க அதன் வழியே காற்று உள்ளே வந்து, பாலுக்குள் ஒரு குமிழியாகக் கிளம்பி மேலே போகும். குமிழி எழுந்தால் குழந்தை குடிக்கிறது. எழவில்லையென்றால் சும்மா வாயில் வைத்துக்கொண்டிருக்கிறது. அதைவிட நேர்மையான மீட்டரை நான் பார்த்ததில்லை.

எங்கள் மகள் ஒரு குமிழிகூட விட்டதில்லை. பிறந்து மூன்றரை மாதம். பிறந்தபோது சுருண்டு சிவந்து கிடந்ததால் அவளுக்கு வீட்டில் இறால் என்று பெயர் வைத்தோம். பிள்ளைகளுக்கு அழகான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கக்கூடாத பேய் பிசாசுகளின் காதில் விழுந்துவிடும் என்பார்கள். என் மனைவி மியென் அதில் கண்டிப்பானவள். இறாலுக்கு அம்மாவிடம் குடிப்பதில் ஒரு குறையும் இல்லை. பால் ஊறுவதற்காகப் பன்றிக்கால் போட்டு வேகவைத்த பப்பாளிக்காயை மியென் மூன்று மாதமாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, இப்போது பப்பாளி மரத்தைக் கண்டால் தெருவின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறாள். பாலுக்குப் பஞ்சமில்லை. அதைக் கறந்து புட்டியில் ஊற்றிக் கொடுத்தால்தான் இறால் தலையைத் திருப்பிக்கொள்வாள். நாக்கால் வெளியே தள்ளுவாள். பிறகு, ஏமாற்றப்பட்ட ஒரு பெரிய மனுஷியைப்போல என்னைப் பார்ப்பாள்.

வீட்டு அலமாரியில் ஏழு புட்டிகள் இருந்தன. வயிற்றில் காற்று சேராமல் இருக்க நடுவில் குழாய் வைத்தது ஒன்று. மார்பைப்போலவே அகலமான நிப்பிள் வைத்தது ஒன்று. கொதிக்கவைத்தாலும் வெளுக்காத, தேன்நிறப் பிளாஸ்டிக்கில் செய்தது ஒன்று. ஒவ்வொன்றையும் பிரித்து, துளையை வெளிச்சத்தில் பார்த்து, சொட்டு எண்ணி, நோட்டில் எழுதிவைத்திருந்தேன். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அன்று மியென் கான்தோ நகரில் ஃபெர்ரி செலுத்தும் பயிற்சிக்குப் போகவேண்டும். ஆறு வாரம், தினமும் விடியலில் போய் இருட்டும்போது திரும்புவது. ஆறு வருடமாக எங்கள் படகுத்துறையில் கயிறு கட்டி, வண்டிகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறவள் அவள். சுக்கான் பிடிக்க ஒரு பெண்ணை அனுப்புவது இதுதான் முதல்முறை. ஆறு மாதத்துக்கு முன்பே ஒருமுறை பெயர் வந்தது, அப்போது இறால் வயிற்றில் இருந்தாள். இரண்டாவது முறையும் வரமுடியவில்லை என்று சொன்னால் மூன்றாவது முறை கேட்கமாட்டார்கள். இறால் புட்டியில் குடித்தால் மியென் போவாள். இல்லாவிட்டால் இல்லை.

ஏழாமக்காவின் கடையில் ஐந்து வகை நிப்பிள்களைப் பார்த்தேன். சிறிய துளை, பெரிய துளை, சிலுவைபோல் கீறியது. கீறியதைப் பற்றி அவளுக்கே விளக்கிச் சொன்னேன். குழந்தை வாயை இறுக்கினால் கீறல் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும், நம் குடிநீர்க் குழாயில் இருக்கும் ஒருவழி வால்வு போலத்தான் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். எல்லாவற்றையும் திரும்ப டப்பாவில் அடுக்கி வைத்துவிட்டு, "யோசிச்சுட்டு மத்தியானம் வரேன்க்கா" என்று சொல்லிக் கிளம்பினேன்.

பத்தடி போயிருப்பேன். பின்னால் காகிதம் எரியும் வாசனை வந்தது.

திரும்பிப் பார்த்தேன். ஏழாமக்கா ஒரு செய்தித்தாளைக் கொளுத்திக் கையில் பிடித்து, நான் நின்ற இடத்தையும் தொட்ட டப்பாக்களையும் சுற்றி வீசிக்கொண்டிருந்தாள். பனிக்குள் அந்த நெருப்பு ஆரஞ்சு நிறத்தில் மெல்ல மெல்ல வட்டம் போட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்தான் அன்றைய முதல் ஆள். போணி. ஐந்து டப்பாவைத் திறந்து, அரைமணி நேரம் பாடம் நடத்தி, ஒன்றும் வாங்காமல் வந்திருக்கிறேன். பால் மறக்காத குழந்தைகள்கூட எங்கள் ஊரில் செய்யாத தவறு அது. காது சூடேற, ஓடாத குறையாகத் திரும்பினேன்.

"அக்கா, மன்னிச்சுக்கங்க. தூக்கம் இல்ல, புத்தி எங்கயோ இருக்கு. இந்தக் கீறின நிப்பிள் ரெண்டு குடுங்க."

"வேணாம். கையை எடு." அவள் சாம்பலை மிதித்து அணைத்தாள். "இப்பத்தான் உன் ராசியைக் கொளுத்தி விரட்டினேன். மறுபடி கூட்டிட்டு வந்து நிக்கிற? வேற யாராச்சும் போணி பண்ணட்டும். அதுவரைக்கும் அப்படி ஓரமா உக்காரு. வாயைத் திறக்காத. முக்கியமா சொட்டு எண்ணாத."

உட்கார்ந்தேன். டயாப்பர் பெட்டிகளின்மேல் ஒரு குழந்தை கைகால்களை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஏழாமக்காவின் கடைசி மகள், மூன்று வயது, பெயர் கிழங்கு. சந்தையில் அவளைத் தெரியாதவர் இல்லை. எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவாள், எங்கே போட்டாலும் தூங்குவாள். மீன்காரர்கள் சண்டை அவள் தலைக்கு மேலேயே நடந்தாலும் கண்விழிக்கமாட்டாள். அவள் மூச்சுக்கு ஏற்ப அட்டைப்பெட்டி லேசாக ஏறி இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கும் கண் சொருகியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் ஒரு படகில் போய்க்கொண்டிருந்ததாக நினைவு.

ஒரு பெண் வந்து பவுடர் வாங்கிப்போனாள். ஏழாமக்காவின் முகம் தெளிந்தது.

"சரி, இப்பச் சொல்லு. பிள்ளை குடிக்கவே மாட்டேங்குதா?"

சொன்னேன். ஏழு புட்டிகளையும், திங்கட்கிழமையையும், மியெனையும். அவள் கேட்டுவிட்டுப் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடி எடுத்தாள். ஒரு கண்ணாடிப் புட்டி. கழுவிக் கழுவி அளவுக்கோடுகள் எல்லாம் அழிந்துபோயிருந்தன.

"கிழங்கோடது. பிறந்த பத்தாம் நாள்லேர்ந்து இதுலதான் குடிச்சா. நிப்பிள் மட்டும் புதுசா போட்டுக்க, பழசு ஆகாது. பாட்டிலை நல்லா கொதிக்க வை."

"இதுல கோடே இல்லையேக்கா. எவ்வளவு குடிச்சான்னு எப்படித் தெரியும்?"

"குடிச்சாத் தெரியும்ல?"

வளர்க்கச் சிரமமான பிள்ளைகளுக்கு, சுலபமாக வளர்ந்த பிள்ளையின் சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுவது எங்களிடம் வழக்கம். அந்தப் பிள்ளையின் குணம் துணியோடு வந்துவிடும் என்பார்கள். மியென் அப்படி நான்கு சட்டை சேர்த்திருந்தாள். நான் அதைப் பற்றி வீட்டில் கேலி பேசுபவன். பையை எடுத்து, "எவ்வளவு தரணும்?" என்றேன்.

"நிப்பிளுக்குக் குடு. பாட்டில் விலைக்கு இல்ல. இதைக் கேட்டுத்தான் வாங்கணும். வாயைத் திறந்து கேளு."

பக்கத்துக் கடை மீன்காரி வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருந்தாள். நான் எழுந்து நின்றேன். தூங்குகிற கிழங்கின் பக்கம் திரும்பி, "கிழங்கு, உன் குணத்துல கொஞ்சம் எங்க இறாலுக்குக் குடும்மா" என்றேன். கிழங்கு தூக்கத்தில் உதட்டைச் சப்புக்கொட்டினாள்.

"குடுத்துட்டா, போ" என்றாள் மீன்காரி.

வீட்டுக்கு வந்து புட்டியைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, பாலை வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தேன். மியெனுக்கு விஷயத்தைச் சொன்னதும் கண் விரிந்தது. "கிழங்கோடதா? நீங்களா கேட்டீங்க?" என்று இரண்டு முறை கேட்டாள். இறாலின் வாயில் நிப்பிளை வைத்தேன். தள்ளினாள். மறுபடி வைத்தேன். முதுகை வில்லாக வளைத்து அழுதாள். அவள் அழ அழ மியெனின் சட்டையின் முன்பக்கம் நனைந்துகொண்டே வந்தது. அதுவும் ஒரு வால்வுதான். பிள்ளையின் குரல் கேட்டால் தானே திறந்துகொள்ளும், யாராலும் மூடமுடியாது. மியென் பிள்ளையை வாங்கிக்கொண்டு தூளியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதலில் சின்னச் சின்னதாய், வேகமாக இழுத்தாள் இறால். அது கதவைத் தட்டுவது. ஒரு நிமிடம் அப்படித் தட்டினால்தான் உள்ளேயிருந்து பால் இறங்கிவரும். பிறகு நிதானமாக, ஒவ்வொரு மிடறாக. அறை அமைதியானது.

"போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேங்க" என்றாள் மியென், பிள்ளையின் தலையைப் பார்த்தபடி. கோபம் இல்லை, அழுகை இல்லை. தண்ணீரை நிறுத்தும்போது திருகு கடைசியாக ஒரு சுற்று இறுகுமே, அப்படிச் சொன்னாள்.

"திங்கக்கிழமை வரைக்கும் பொறு."

"என்ன மாறப்போகுது திங்கக்கிழமைக்குள்ள?"

மாலையில், அடுத்த பசி வரும் நேரத்தில், அவள் கொஞ்சம் தூங்கட்டும் என்று இறாலைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு, பையில் புட்டியோடு துறைக்கு நடந்தேன். ஃபெர்ரியில் காற்று வரும். மியெனின் வீட்டுக்காரன் என்பதால் என்னிடம் யாரும் சீட்டுக் கேட்பதில்லை. சுக்கான் பிடிக்கும் அஞ்சாமண்ணன் மேலே அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பொண்டாட்டி வேலையை நீ எடுத்துக்கிட்டியா? பிள்ளையை மாரோட கட்டிக்கிட்டு வந்திருக்க!"

"பிள்ளைக்குக் காத்து வாங்க வந்தேண்ணே."

"காத்து இலவசம். கயிறு கட்டத் தெரிஞ்சா சொல்லு, ஆள் கம்மி."

எஞ்சின் அறையின் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். படகு கிளம்பியது. சுவரிலிருந்து அதிர்வு முதுகுக்குள் இறங்கி, விலா எலும்புகளுக்குள் பரவி, இறால் மீதும் படர்ந்தது. ஆகாயத்தாமரைத் திட்டுகள் வெயிலில் மிதந்து கடலை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தன. அக்கரை நெருங்குவதாகவே தெரியவில்லை. நாங்கள் அசையாமல் இருக்க, ஆறுதான் எங்களைக் கடந்து போவதுபோல இருந்தது. இறால் அழுவதை நிறுத்தியிருந்தாள். எதையோ ஞாபகப்படுத்திக்கொள்பவளைப்போல நெற்றியைச் சுருக்கினாள். இறால் வயிற்றில் இருந்தபோது, எட்டாவது மாதம் முடியும்வரை மியென் இந்தப் படகில்தான் நின்றாள். சாப்பாட்டு நேரத்தில் இந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்காருவாள். எனக்கு அது அப்போது தோன்றவில்லை. புட்டியை எடுத்து வாயருகே கொண்டுபோனேன், அவ்வளவுதான்.

வாங்கிக்கொண்டாள். சின்னச் சின்னதாய் இழுத்தாள். பிறகு, வெள்ளைப் பாலுக்குள், நிப்பிளின் விளிம்பிலிருந்து ஒரு குமிழி புறப்பட்டது. கண்ணாடியை ஒட்டி ஏறிப்போய் மேலே உடைந்தது. இன்னொன்று. ஒரு விரற்கடை குறைந்திருக்கும், அப்போது படகு கரையில் முட்டியது, அவள் வாயை எடுத்துவிட்டாள்.

வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்த்தோம். தள்ளிவிட்டாள்.

மீட்டர் சோதிப்பவனுக்கு ஒரு விதி உண்டு. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக்கூடாது. மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. படகா, கிழங்கின் புட்டியா, கீறின நிப்பிளா, அம்மா பக்கத்தில் இல்லாததா? ஞாயிறு காலையில் அலமாரிக்கு முன்னால் நின்றேன். செய்யவேண்டியது தெளிவு. அதே படகு, அதே நேரம், வேறு புட்டி. தேன்நிறப் புட்டிதான் என் நோட்டில் முதலிடம். அதன்மேல் கையும் வைத்துவிட்டேன். பின்னால் மியென் பயிற்சிக்கு வேண்டிய துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். நான் கையை எடுத்து, கோடில்லாத புட்டியை எடுத்துக்கொண்டேன்.

"அதையா கொண்டுபோறீங்க?" என்றாள்.

"அதைத்தான்."

அவள் திரும்பவில்லை. ஆனால் பையின் ஜிப் மூடும் சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறை ஆற்றைக் கடந்தேன். முதல் முறை பாதிப் புட்டி. இரண்டாம் முறை ஒன்றுமே இல்லை. இறால் குடிக்காமல் தூங்கிப்போனாள். அதையும் மறைக்காமல் மியெனிடம் சொன்னேன். அவள், "நாளைக்கு நானும் அதே படகுலதான அக்கரைக்குப் போகணும்" என்றாள். "மேல அஞ்சாமண்ணன் அறையில நின்னுக்கறேன். குடிச்சா நீங்க உக்காந்த இடத்துலயே இருங்க. குடிக்கலன்னா எழுந்து மேல வாங்க. நான் திரும்பிடறேன்."

திங்கட்கிழமை விடியலில் பனி அடர்த்தியாக இருந்தது. துறையின் விளக்குகள் பஞ்சுக்குள் வைத்ததுபோல எரிந்தன. மியென் துறையில் போடும் நீல ஹெல்மெட்டோடு முதலில் ஏறி மேலே போய்விட்டாள். பிள்ளைக்கு அம்மாவின் வாசனை தெரிந்தால் புட்டியைத் தொடாது என்பதால், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கொடியைப் பார்த்து அஞ்சாமண்ணனே சொன்னார். "நீ காத்து வர்ற பக்கம் உக்காரு தம்பி. அவ வாசம் பின்னால போயிடும். இத்தனை வருஷத்துல பாலுக்காகக் கொடி பாத்தது இன்னிக்குத்தான்." கயிற்றை அவிழ்க்கும் சத்தம். எஞ்சின் முனகி, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது. அதிர்வு முதுகுக்கு வந்தது.

இறால் நிப்பிளை வாயில் வாங்கினாள். சும்மா வைத்துக்கொண்டிருந்தாள். கரை மறைந்தது. மோட்டார் சைக்கிள்கள் அணைந்து நின்றன. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் பனியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். குமிழி இல்லை. நாக்கால் ஒருமுறை தள்ளினாள். என் முழங்கால் தானாக மடங்கி, எழுவதற்குத் தயாரானது. மேலே ஒரு நீலப்புள்ளி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் நிமிரவில்லை. நிமிர்வதும் ஓர் அசைவு. ஒரு நிமிடம், என்று நினைத்தேன். தட்டிவிட்டு ஒரு நிமிடம் நிற்கவேண்டும், யாராக இருந்தாலும். காலை நீட்டி, சுவரில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

நடு ஆற்றில் ஒரு குமிழி எழுந்தது. பிறகு இன்னொன்று. அக்கரையின் தென்னைகள் முதலில் நிழலாகவும், பிறகு மரமாகவும் வந்தன. படகு முட்டியபோது நான் புட்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன். இறால் விடவில்லை. சாய்பலகை இறங்கியது. மோட்டார் சைக்கிள்கள் ஒரே நேரத்தில் உறுமி, ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறின. அவற்றுக்கு நடுவே, காற்று போகும் பக்கத்து ஓரமாகவே, நீல ஹெல்மெட் நடந்து போனது. அது திரும்பவில்லை. நான் எழவில்லை.

எங்கள் ஃபெர்ரிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. வந்த வழியே, திரும்பாமல் அப்படியே பின்னோக்கிக் கிளம்பும். கரை விலகியது. பேருந்து நிறுத்தத்தில் அந்த நீலம் ஒரு பொத்தான் அளவுக்குக் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு பனி அதன்மேல் மூடியது. என் கையில் கோடில்லாத கண்ணாடிக்குள் பால் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. விளிம்பில் ஒரு குமிழி பிறந்து, அவசரமில்லாமல் ஏறிப்போனது. அது மேலே போய் உடையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது இன்னும் வரவில்லை. கண்ணை மூடியபடியே இறால் சின்னச் சின்னதாய் இரண்டு முறை இழுத்தாள், கதவைத் தட்டுவதுபோல.